நாய்க்குட்டிகளில் தெள்ளு நீக்கம்

நாய்க்குட்டிகளில் தெள்ளு நீக்கம் என்பது, பிறந்தது முதல் ஏறத்தாழ எட்டு வார அகவை வரையுள்ள நாய்க்குட்டிகளின் உடலில் புற ஒட்டுண்ணிகளாக வாழும் தெள்ளுகளை, குட்டிக்குத் தீங்கு நேராத வகையில் அகற்றும் முறைகளைக் குறிக்கும். வளர்ந்த நாய்களுக்குப் பயன்படும் தெள்ளுக்கொல்லி மருந்துகளுள் பெரும்பாலானவை இவ்வகவைக் குட்டிகளுக்குப் பொருந்தாதவை ஆகும். அதே வேளையில் தெள்ளுகளை அப்படியே விட்டுவிட்டால், குருதி இழப்பினால் குட்டி இறக்கவும் கூடும். எனவே சீப்பினால் வாரி நீக்குதல், தாய் நாய்க்கு மருந்திடுதல், படுக்கையையும் சுற்றுப்புறத்தையும் தூய்மை செய்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே செய்யப்படுவதே இவ்வகவையில் முதன்மை முறையாகக் கொள்ளப்படுகின்றது. மருந்துகள், கால்நடை மருத்துவர் குட்டியின் அகவையையும் எடையையும் பார்த்துப் பரிந்துரைக்கும்போது மட்டுமே பயன்படுத்தப்படுகின்றன.

தெள்ளு

தெள்ளு என்பது சிறகற்ற, குருதி உறிஞ்சும் பூச்சி ஆகும். இது தெள்ளுப்பூச்சி எனவும் அழைக்கப்படுகின்றது. உலகில் ஏறத்தாழ 2,500 தெள்ளு இனங்கள் அறியப்பட்டுள்ளன. நாய்களின் உடலில் காணப்படுவது பெரும்பாலும் நாய்த் தெள்ளு அன்று. உலகின் பல பகுதிகளில் நாய்களையும் பூனைகளையும் ஒருங்கே பற்றுவது பூனைத் தெள்ளு என்னும் இனமாகும். ஆகவே வீட்டில் நாயுடன் பூனையும் வளர்க்கப்படுமாயின், ஒன்றை மட்டும் தூய்மை செய்வதால் பயன் ஏற்படுவதில்லை.

வளர்ந்த தெள்ளு 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமும், செம்பழுப்பு நிறமும், பக்கவாட்டில் தட்டையான உடலும் கொண்டது. இவ்வுடலமைப்பு மயிர்களுக்கு இடையே விரைந்து ஓடுவதற்கு உதவுகின்றது. இதன் பின்னங்கால்கள் நெடுந்தொலைவு தாவுவதற்கு ஏற்றவை.

உண்ணி, பேன் ஆகியவற்றிலிருந்து வேறுபாடு

பேச்சு வழக்கில் நாயின் உடலில் உள்ள எந்தப் பூச்சியையும் உண்ணி என்று கூறுவது உண்டு. ஆனால் இவை மூன்றும் வெவ்வேறானவை; இவற்றுக்கான மருந்துகளும் வேறுபடுகின்றன.

* தெள்ளு: ஆறு கால்கள் கொண்டது, விரைந்து ஓடும், தாவும், தோலில் நிலையாக ஒட்டிக்கொள்வதில்லை.
* உண்ணி: வளர்ந்த நிலையில் எட்டுக் கால்கள் கொண்டது, சிலந்தியின் உறவினம், தாவுவதில்லை, தோலில் வாயைப் பதித்து, குருதி குடித்து உப்பிய நிலையில் பல நாட்கள் ஒட்டியிருக்கும்.
* பேன்: ஆறு கால்கள் கொண்டது, மேலிருந்து கீழாகத் தட்டையான உடல், மெதுவாக ஊரும், இதன் முட்டைகளான ஈர்கள் மயிரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கோழிகள் வளர்க்கப்படும் இடங்களில் கோழித் தெள்ளு என்னும் மற்றோர் இனமும் குட்டிகளைப் பற்றுவதுண்டு. இது ஏனைய தெள்ளுகளைப் போல ஓடாமல், காது ஓரம், கண் சுற்று போன்ற மயிர் குறைந்த இடங்களில் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும். சீப்பினால் இதனை எளிதில் அகற்ற இயலாது. கண்ணருகே இருப்பதால் மருத்துவரிடம் காட்டுவதே நன்று.

வாழ்க்கை வட்டம்

தெள்ளின் வாழ்க்கை முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என நான்கு நிலைகளைக் கொண்டது. குட்டியின் உடலில் காணப்படுவது இறுதி நிலை மட்டுமே. பொதுவாக ஓரிடத்திலுள்ள மொத்தத் தெள்ளுத் தொகையில் முதிர்பூச்சிகள் 5 விழுக்காடு அளவே என மதிப்பிடப்படுகின்றது. எஞ்சியவை முட்டைகளாகவும், குடம்பிகளாகவும், கூட்டுப்புழுக்களாகவும் படுக்கையிலும் தரையிலும் மண்ணிலும் உள்ளன.

* முட்டை: பெண் தெள்ளு, குருதி குடிக்கத் தொடங்கிய ஓரிரு நாட்களில் முட்டையிடத் தொடங்கும். ஒரு நாளில் 40 முதல் 50 முட்டைகள் வரை இடக்கூடும். அரை மில்லிமீட்டர் அளவுள்ள வெண்ணிற முட்டைகள் மயிரில் ஒட்டுவதில்லை; விலங்கு படுக்கும் இடங்களில் உதிர்ந்துவிடும்.
* குடம்பி: முட்டையிலிருந்து வெளிவரும் புழு போன்ற குடம்பி ஒளியை விலக்கி, படுக்கையின் அடியிலும் தரை வெடிப்புகளிலும் மறைந்து வாழும். முதிர்பூச்சிகளின் கழிவாக உதிரும் உலர்ந்த குருதியே இதன் முதன்மை உணவு.
* கூட்டுப்புழு: குடம்பி பட்டிழை போன்ற நூலால் கூடு கட்டி அதனுள் உருமாறும். கூட்டின் மீது தூசியும் மணலும் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குப் புலப்படாது. பூச்சிக்கொல்லிகள் இந்நிலையை எளிதில் தாக்குவதில்லை.
* முதிர்பூச்சி: கூட்டினுள் முதிர்ந்த தெள்ளு வெப்பம், அதிர்வு, அழுத்தம், மூச்சுக்காற்றில் உள்ள கரியமில வாயு ஆகியவற்றை உணர்ந்ததும் வெளிவரும். தூண்டுதல் இல்லையெனில் சில மாதங்கள் வரை கூட்டினுள் காத்திருக்க வல்லது.

வெப்பமும் ஈரப்பதமும் ஏற்றவாறு அமையுமாயின் இவ்வட்டம் மூன்று முதல் நான்கு வாரங்களில் முடிந்துவிடும். குடம்பிகள் கடும் வெயிலையும் வறட்சியையும் தாங்குவதில்லை. எனவே வெப்ப நாடுகளில் திறந்த வெளியைக் காட்டிலும், திண்ணையின் அடிப்பகுதி, மரநிழல், மாட்டுக் கொட்டிலின் மூலை, சாக்கு விரித்த இடம் போன்ற நிழலான பகுதிகளிலேயே இவை பெருகுகின்றன. தாய் நாய் குட்டி ஈனுவதற்குத் தெரிந்தெடுக்கும் இடங்களும் பெரும்பாலும் இவையே ஆகும்.

குட்டிகளுக்கு ஏற்படும் தீங்கு

குருதிச்சோகை

குட்டிகளுக்குத் தெள்ளினால் ஏற்படும் மிகப் பெரிய இடர் குருதிச்சோகை ஆகும். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்குத் தன் உடல் எடையைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு குருதியை உறிஞ்சுகின்றது. இக்கணக்கின்படி 72 பெண் தெள்ளுகள் ஒரு நாளில் ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் குருதியை எடுத்துவிடும்.

நாயின் உடலில் ஒரு கிலோகிராம் எடைக்கு ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிலிட்டர் குருதி உள்ளது. எடுத்துக்காட்டாக, 20 கிலோகிராம் எடையுள்ள நாயின் உடலில் 1,600 மில்லிலிட்டருக்கு மேல் குருதி இருக்கும். 150 தெள்ளுகளால் அதற்கு ஏற்படும் இழப்பு பொருட்படுத்தத்தக்கதன்று. ஆனால் 500 கிராம் எடையுள்ள குட்டியின் மொத்தக் குருதி 40 முதல் 45 மில்லிலிட்டர் மட்டுமே. அதே 150 தெள்ளுகள் நாளொன்றுக்கு 2 மில்லிலிட்டர் அளவில் எடுத்தால், ஒரு வாரத்தில் மொத்தக் குருதியின் மூன்றில் ஒரு பங்குக்குச் சமமான அளவை அக்குட்டி இழக்கின்றது.

இழந்த குருதியை ஈடு செய்ய இரும்புச்சத்து தேவை. தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவாகவே உள்ளது. மேலும் பிறந்த சில வாரங்களில் குட்டிகளின் சிவப்பணு அளவு இயல்பாகவே வளர்ந்த நாய்களைவிடக் குறைந்து காணப்படும். இக்காரணங்களால் குட்டிகள் குருதிச்சோகைக்கு விரைவில் உட்படுகின்றன. கொக்கிப்புழுத் தொற்றும் உடன் இருக்குமாயின் நிலைமை மேலும் மோசமாகும்.

நாடாப்புழு

டிப்பிலிடியம் கனைனம் என்னும் நாடாப்புழுவின் முட்டைகளைத் தெள்ளின் குடம்பிகள் உண்கின்றன. இவ்வாறு தொற்றுற்ற குடம்பி முதிர்ந்த தெள்ளாகிய பின், குட்டி தன் உடலைக் கடித்துச் சொறியும்போது அதனை விழுங்கினால் நாடாப்புழு குட்டியின் குடலில் வளர்கின்றது. அரிசி அல்லது வெள்ளரி விதை போன்ற வெண்ணிறத் துண்டுகள் மலத்தில் அல்லது மலவாய் ஓரத்தில் காணப்படுவது இதன் அறிகுறி. தொற்றுற்ற தெள்ளைத் தவறுதலாக விழுங்கும் சிறு குழந்தைகளுக்கும் இது ஏற்படக்கூடும்.

ஏனையவை

தொடர்ந்த அரிப்பினால் குட்டி உறக்கத்தையும் பால் குடிக்கும் நேரத்தையும் இழக்கின்றது. சொறிந்த இடங்களில் புண்ணும் சீழும் உண்டாகலாம். தெள்ளின் உமிழ்நீரால் ஏற்படும் ஒவ்வாமைத் தோல் நோய் பெரும்பாலும் வளர்ந்த நாய்களிலேயே காணப்படுகின்றது.

வளர்ந்த நாய்களுக்கான மருந்துகள் பொருந்தாமைக்கான காரணங்கள்

* கல்லீரலும் சிறுநீரகமும்: மருந்துப் பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் உறுப்புகள் குட்டிகளில் முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை. ஆதலால் மருந்து உடலில் கூடுதல் நேரம் தங்குகின்றது.
* குருதி-மூளைத் தடுப்பு: குருதியில் உள்ள நச்சுப்பொருட்கள் மூளைக்குள் செல்லாமல் தடுக்கும் அமைப்பு பிறந்த குட்டிகளில் முதிர்ச்சி பெற்றிருப்பதில்லை. தெள்ளுக்கொல்லிகளுள் பெரும்பாலானவை பூச்சியின் நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை என்பது இங்குக் கருதத்தக்கது.
* உடற்பரப்பு: எடையோடு ஒப்பிடும்போது குட்டியின் தோற்பரப்பு மிகுதி. எனவே தோலில் இடும் மருந்து எடைக்கு மிஞ்சிய அளவில் உட்செல்கின்றது.
* நக்குதல்: தாய் குட்டிகளை இடையறாது நக்குகின்றது, குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து ஒன்றையொன்று சப்புகின்றன. தோலில் இட்டது வாய் வழியாகவும் உட்செல்லும்.
* உடல் வெப்பம்: பிறந்த முதல் வாரத்தில் குட்டியால் நடுங்கி வெப்பம் உண்டாக்க இயலாது. அதன் உடல் வெப்பநிலை அப்போது 35 முதல் 37 பாகை செல்சியசு அளவிலேயே இருக்கும். ஏறத்தாழ நான்கு வாரங்களில்தான் வளர்ந்த நாயின் வெப்பநிலையை எட்டுகின்றது. எனவே நனைத்தலும், விரைந்து ஆவியாகும் எரிசாராயம் கலந்த தெளிப்பு மருந்துகளும் குட்டியைக் குளிர்ந்துபோகச் செய்துவிடும்.

கண்டறிதல்

குட்டியின் கழுத்து, காதின் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, வயிறு, தொடை இடுக்கு, வாலின் அடி ஆகிய இடங்களில் மயிரை விலக்கிப் பார்க்க வேண்டும். தெள்ளுகள் கண்ணில் படாவிடினும் கருமிளகுத் தூள் போன்ற துகள்கள் காணப்படலாம். இத்துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் அல்லது பஞ்சில் வைத்தால் செம்பழுப்பு நிறத்தில் கசியுமாயின் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த குருதி ஆகும். நிறம் கசியாவிடில் அது வெறும் மண்.

அதே நேரத்தில் ஈற்றையும் பார்த்தல் இன்றியமையாதது. நலமான குட்டியின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். வெளிறிய அல்லது வெண்மையான ஈறு குருதிச்சோகையைக் காட்டும்.

உடனடியாக மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டிய அறிகுறிகள்

* ஈறும் நாக்கும் வெளிறியிருத்தல்
* பால் குடிக்காமை அல்லது உறிஞ்சும் வலு இன்மை
* உடல் குளிர்ந்திருத்தல்
* துவண்டு கிடத்தல், எழுப்பினாலும் அசைவு குறைந்திருத்தல்
* விரைந்த மூச்சு
* மருந்திட்ட பின் நடுக்கம், வலிப்பு, மிகையாக எச்சில் ஒழுகுதல்

இந்நிலையில் வீட்டில் தெள்ளு நீக்க முற்படுவது காலத்தை வீணாக்கும். குட்டியைத் துணியில் சுற்றி, வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு செல்ல வேண்டும். உடல் குளிர்ந்துபோன குட்டிக்குச் செரிமானம் நின்றுவிடுவதால், அதன் உடல் சூடேறும் வரை வற்புறுத்திப் பால் புகட்டக் கூடாது. கடுமையான குருதிச்சோகைக்கு மருத்துவர் குருதி ஏற்றவும், இரும்புச்சத்து வழங்கவும் கூடும். மருந்தோ பூச்சிக்கொல்லியோ முன்னரே இடப்பட்டிருந்தால் அதன் பொதியுறையை உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

நீக்கும் முறைகள்

சீப்பினால் வாருதல்

எந்த அகவையிலும், பிறந்த முதல் நாளிலும்கூட, செய்யத்தக்க ஒரே முறை இதுவாகும். தெள்ளுச் சீப்பு என விற்கப்படும் நெருக்கமான பற்கள் கொண்ட சீப்பு இதற்குப் பயன்படுகின்றது. அது கிடைக்காவிடில் தலைப்பேன் வாரப் பயன்படும் பேன் சீப்பு போதுமானது. பற்களின் முனை மழுங்கியிருக்க வேண்டும்.

1. காற்றோட்டம் குறைந்த, வெதுவெதுப்பான அறையைத் தெரிந்தெடுக்க வேண்டும். மின்விசிறியும் குளிர்சாதனமும் நிறுத்தப்பட வேண்டும்.
2. ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பு சில துளிகள் கலந்து அருகில் வைத்துக்கொள்ள வேண்டும்.
3. குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளைத் துணி விரித்த மடியில் வைக்க வேண்டும். வெள்ளைத் துணியில் தப்பி ஓடும் தெள்ளு எளிதில் தெரியும்.
4. தலையிலிருந்து வாலை நோக்கி மெதுவாக வார வேண்டும். கழுத்து, வயிறு, இடுக்குகள் ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை.
5. ஒவ்வொரு முறை வாரியதும் சீப்பைச் சோப்பு நீரில் அமிழ்த்த வேண்டும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் தெள்ளு மிதக்க இயலாமல் மூழ்கி இறக்கும். வெறும் நீரில் அது மிதந்து தப்பிவிடக்கூடும்.
6. ஒரு குட்டிக்கு ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்கு மேல் எடுக்காமல், தாயிடம் திருப்பி விட வேண்டும்.

தொடக்கத்தில் நாள்தோறும் இருமுறையும், தெள்ளுகள் குறைந்த பின் நாளுக்கு ஒருமுறையும் வாருவது வழக்கம். இச்செயலின்போதே ஒவ்வொரு குட்டியையும் எடை பார்த்துக் குறித்து வைத்தல் பயனுள்ளது. நாளுக்கு நாள் எடை கூட வேண்டும். எடை கூடாத குட்டியே முதலில் நலிவுறும் குட்டி ஆகும்.

ஈரத் துணியால் துடைத்தல்

நான்கு வாரத்துக்குட்பட்ட குட்டியைக் குளிப்பாட்டாமல், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த மென்மையான துணியால் பகுதி பகுதியாகத் துடைத்து, உடனுக்குடன் உலர்த்தலாம். தெள்ளின் கழிவு நீங்குவதோடு, அடுத்த நாள் புதிதாகக் கழிவு சேர்ந்துள்ளதா என்று அறியவும் இது உதவும்.

குளிப்பாட்டுதல்

நான்கு வாரத்துக்கு மேற்பட்ட, நலமாக உள்ள குட்டிகளைத் தேவையெனில் குளிப்பாட்டலாம். அதற்கும் குறைந்த அகவையில், தெள்ளுகள் மிகுந்து சீப்பினால் கட்டுப்படாதபோது மருத்துவரின் அறிவுரையின்படி மட்டுமே செய்ய வேண்டும்.

நீரின் வெப்பம் குட்டியின் உடல் வெப்பத்தை ஒத்து 37 அல்லது 38 பாகை செல்சியசு அளவில் இருத்தல் வேண்டும். முழங்கையில் ஊற்றிப் பார்த்தால் சூடோ குளிர்ச்சியோ தோன்றக் கூடாது. நீரில் நனைந்ததும் தெள்ளுகள் தலையை நோக்கி ஓடுமாகையால், முதலில் கழுத்தைச் சுற்றி வளையமாக நுரை இட வேண்டும். மணமற்ற மென்மையான திரவச் சோப்பு அல்லது குழந்தைகளுக்கான சாம்பு சிறிதளவு போதும். இங்குத் தெள்ளை நீக்குவது சோப்பு நீரும் சீப்பும் ஆகும். பூச்சிக்கொல்லி கலந்த சாம்புகள் தேவையில்லை. தலையை நீரில் அமிழ்த்தாமல் முகத்தைத் துணியால் மட்டும் துடைக்க வேண்டும். சில நிமிடங்களில் சோப்பை முழுவதுமாகக் கழுவி, உலர்ந்த துண்டுகளை மாற்றி மாற்றித் துவட்ட வேண்டும். மயிரின் அடி வரை உலர்ந்து, உடல் வெதுவெதுப்பான பின்னரே தாயிடம் விட வேண்டும். இதனைத் திரும்பத் திரும்பச் செய்வது தோலை வறளச் செய்யும்.

தாய் நாய்க்கு மருந்திடுதல்

குட்டிகளுக்குத் தெள்ளு வருவது தாயிடமிருந்தும் படுக்கையிலிருந்தும் ஆகும். எனவே தாய்க்கு மருந்திடாமல் குட்டிகளை மட்டும் வாருவது முடிவில்லாத வேலையாகும். பாலூட்டும் நாய்க்குப் பொருந்தும் மருந்துகள் உள்ளன. செலமெக்டின் என்னும் கழுத்தில் இடும் துளி மருந்தும், நைட்டன்பைரம் என்னும் மாத்திரையும் பாலூட்டும் நாய்களுக்குக் கொடுக்கத்தக்கவை என அவற்றின் மருந்துக் குறிப்புகள் கூறுகின்றன. துளி மருந்து இட்ட இடம் உலரும் வரை குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும். மருந்தைத் தாயின் வயிற்றிலோ பால் காம்பின் அருகிலோ இடக் கூடாது.

படுக்கையும் சுற்றுப்புறமும்

* படுக்கைத் துணிகளை நாள்தோறும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றி, 60 பாகை செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் துவைத்துக் கடும் வெயிலில் உலர்த்த வேண்டும். துணியை எடுக்கும்போது உதறாமல் சுருட்டி எடுத்தால் முட்டைகள் தரையில் சிதறா.
* சாக்கு, வைக்கோல், தேங்காய் நார் ஆகியவற்றுக்கு மாற்றாக, எளிதில் மாற்றத்தக்க பழைய பருத்திப் புடவையோ செய்தித்தாளோ விரிக்கலாம்.
* தரை வெடிப்பு, சுவர் ஓரம், கதவு நிலையின் அடி ஆகியவற்றை வெற்றிடத் துப்புரவுக் கருவியால் உறிஞ்சி எடுக்கலாம். அதன் அதிர்வு கூட்டினுள் காத்திருக்கும் தெள்ளுகளை வெளிவரத் தூண்டுவதும் ஒரு பயனே. உறிஞ்சிய தூசியைப் பையில் கட்டி வீட்டிற்கு வெளியே அப்புறப்படுத்த வேண்டும்.
* சிமெண்டுத் தரையைச் சோப்பு கலந்த வெந்நீரால் கழுவி உலர விடலாம். மண் தரையாயின் மேற்பரப்புத் தூசியை வழித்து அகற்ற வேண்டும்.
* மெத்தோப்ரீன், பைரிப்ராக்சிபென் ஆகிய பூச்சி வளர்ச்சித் தடுப்பான்கள் முட்டையும் குடம்பியும் முதிர்வதைத் தடுக்கின்றன. இவற்றைத் தெளிப்பதாயின் தாயையும் குட்டிகளையும் வேறு அறைக்கு மாற்றி, தரை முழுவதும் உலர்ந்து காற்றோட்டம் பெற்ற பின்னரே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

மருந்துகளும் குறைந்த அளவு அகவையும்

ஒவ்வொரு மருந்துக்கும் குறைந்த அளவு அகவையும், பலவற்றுக்குக் குறைந்த அளவு எடையும் வரையறுக்கப்பட்டுள்ளன. இரண்டும் ஒருங்கே நிறைவு பெற வேண்டும். ஐந்து வார அகவையுடைய குட்டி எடையில் 700 கிராம் மட்டுமே இருக்குமாயின், அகவை போதும் என்று கொள்ளல் ஆகாது. கீழே உள்ளவை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மருந்துக் குறிப்புகளில் தரப்பட்டுள்ள அளவுகள் ஆகும்.

* நைட்டன்பைரம் (மாத்திரை): 4 வாரம், 0.9 கிலோகிராம்
* செலமெக்டின் (துளி மருந்து): 6 வாரம்
* இமிடாகுளோப்ரிட் (துளி மருந்து): 7 வாரம்
* இமிடாகுளோப்ரிட், புளுமெத்ரின் கலந்த கழுத்துப்பட்டை: 7 வாரம்
* அபோக்சோலானர் (மெல்லும் மாத்திரை): 8 வாரம், 1.8 கிலோகிராம்
* லோட்டிலானர் (மெல்லும் மாத்திரை): 8 வாரம், 2 கிலோகிராம்
* ஸ்பினோசாட் (மெல்லும் மாத்திரை): 14 வாரம், 2.3 கிலோகிராம்

ஒரே மருந்துக்கு நாட்டுக்கு நாடு வேறுபட்ட வரம்பு இருக்கலாம். எடுத்துக்காட்டாக, மூன்று மாதம் செயல்படும் புளுரலானர் மெல்லும் மாத்திரைக்கு அமெரிக்காவில் 6 மாதமும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 8 வாரமும் (2 கிலோகிராம் எடையுடன்) வரம்பாக உள்ளன. பிப்ரோனில் 0.25 விழுக்காடு தெளிப்பு மருந்து ஐக்கிய இராச்சியத்தில் 2 நாள் அகவையிலிருந்து இசைவு பெற்றது. அதே வேதிப்பொருளின் துளி மருந்துக்கு 8 வாரம் தேவை. இத்தெளிப்பு மருந்தில் எரிசாராயம் கலந்திருப்பதால் குட்டி குளிரும் வாய்ப்பும், தீப்பற்றும் வாய்ப்பும் உண்டு. எனவே கையிலுள்ள பொதியுறையில் அச்சிட்டிருப்பதையும் மருத்துவரின் கூற்றையுமே பின்பற்ற வேண்டும்.

நைட்டன்பைரம் அரை மணி நேரத்தில் தெள்ளுகளைக் கொல்லத் தொடங்குகின்றது. ஆயினும் அதன் செயற்பாடு ஓரிரு நாட்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அபோக்சோலானர், லோட்டிலானர், புளுரலானர் ஆகியவை ஐசாக்சசோலின் வகையைச் சேர்ந்தவை. இவ்வகை மருந்துகளால் சில விலங்குகளுக்கு நடுக்கமும் வலிப்பும் ஏற்படக்கூடும் என 2018 ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் எச்சரித்தது.

வளர்ந்த நாய்க்கான துளி மருந்தையோ மாத்திரையையோ பிரித்து, அதில் ஒரு பங்கைக் குட்டிக்குத் தருவது தவறான பழக்கம் ஆகும். மருந்து மாத்திரையில் சீராகப் பரவியிருக்கும் என்பது உறுதியன்று. மேலும் அகவை வரம்பு, அளவைக் குறைப்பதால் நீங்கிவிடுவதில்லை.

தவிர்க்க வேண்டியவை

* மாடுகளுக்கான உண்ணிக்கொல்லிகள்: டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், அமிட்ராசு ஆகியவற்றின் அடர்கரைசல்கள் நீரில் கலந்து பயன்படுத்துவதற்காக விற்கப்படுகின்றன. கலக்கும் அளவில் ஏற்படும் சிறு பிழையும் குட்டியைக் கொன்றுவிடும்.
* பெர்மெத்ரின்: இது கலந்த நாய் மருந்துகள் பூனைகளுக்குக் கொடிய நஞ்சு ஆகும். பூனை உள்ள வீட்டில் தாய் நாய்க்கும் இதனைத் தவிர்க்க வேண்டும்.
* மனிதர்களுக்கான பேன் மருந்துகள், வயல் பூச்சிக்கொல்லிகள், எறும்புப் பொடி, கரப்பான் தெளிப்பான்.
* மண்ணெண்ணெய், பினாயில், கிருமிநாசினித் திரவங்கள்: தோலை வேகவைப்பதோடு, நக்குவதால் உட்சென்று நுரையீரலையும் கல்லீரலையும் தாக்கும்.
* புகையிலை ஊறிய நீர்: இதிலுள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவே உட்செல்லும் நஞ்சு.
* கற்பூரம் கலந்த எண்ணெய், அந்துருண்டை: இரண்டும் நச்சுத்தன்மை உடையவை, கற்பூரம் வலிப்பை உண்டாக்கும்.
* தேயிலை மர எண்ணெய் முதலிய செறிவான தாவர எண்ணெய்கள்: நடுக்கம், தள்ளாட்டம் ஆகியவற்றை உண்டாக்கும்.
* பூண்டு, வெங்காயம்: நாய்களின் சிவப்பணுக்களை அழிப்பவை. ஏற்கெனவே குருதி குறைந்துள்ள குட்டிக்கு இவை இரட்டைத் தீங்கு.

வேப்பெண்ணெய் பூச்சிகளை விலக்கும் தன்மை உடையதாயினும், செறிவான நிலையில் தோலை உறுத்தும்; நக்கினால் வாந்தி உண்டாகும். எனவே குட்டிகளுக்கு ஏற்றதன்று.

பின்தொடர் கண்காணிப்பு

முறையாக அனைத்தையும் செய்த பின்னரும் இரண்டு, மூன்று வாரங்கள் வரை புதிய தெள்ளுகள் காணப்படலாம். இது மருந்து தோல்வியுற்றதைக் காட்டுவதன்று. முன்னரே கூடு கட்டிய கூட்டுப்புழுக்கள் ஒவ்வொன்றாக முதிர்ந்து வெளிவருவதன் விளைவு ஆகும். இக்காலத்தில் வலிமை மிகுந்த வேறு மருந்தை மேலும் மேலும் இடுவதே பல குட்டிகளுக்கு நஞ்சாக முடிகின்றது. மாறாக, வாருதலையும் துவைத்தலையும் தொடர்ந்து செய்ய வேண்டும். வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் குறைந்தது மூன்று மாதங்களாவது தெள்ளுத் தடுப்பு மருந்து தொடர்வது, வாழ்க்கை வட்டத்தை முழுமையாக முறிக்க உதவும்.

குட்டிகளின் குடற்புழு நீக்கம் பொதுவாக இரண்டு வார அகவையில் தொடங்கப்படுகின்றது. அப்போது தரப்படும் பைரன்டெல் உருளைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் நீக்கும். ஆனால் தெள்ளினால் வரும் நாடாப்புழுவை நீக்காது. அதற்குப் பிராசிகுவான்டெல் என்னும் வேறு மருந்து தேவை. இது நான்கு வாரத்துக்குப் பின் தரப்படுகின்றது. தெள்ளு இருந்த குட்டி என்பதை மருத்துவரிடம் தெரிவித்தால் உரிய மருந்தைத் தெரிவு செய்ய இயலும்.

முன்தடுப்பு

குட்டி ஈனும் முன்னரே தாய்க்குத் தெள்ளு நீக்குவது எல்லா முறைகளிலும் எளியதும் சிறந்ததும் ஆகும். நாயின் கருக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். கருவுற்றது தெரிந்தவுடன் மருத்துவரின் அறிவுரைப்படி கருவுற்ற நாய்க்குப் பொருந்தும் மருந்தைத் தொடங்கி, ஈனும் இடத்தை இரண்டு வாரங்களுக்கு முன்னரே தூய்மை செய்து வைத்தால், குட்டிகள் தெள்ளற்ற படுக்கையில் பிறக்கும். தெருநாய் ஈன்ற குட்டிகளை எடுத்து வளர்ப்போர், வீட்டிலுள்ள ஏனைய விலங்குகளோடு சேர்க்கும் முன் அவற்றைத் தனி இடத்தில் வைத்து, வாரி, ஈற்றின் நிறத்தைப் பார்த்து, இயன்ற விரைவில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* தெள்ளு
* உண்ணி
* நாய்
* குருதிச்சோகை
* நாடாப்புழு
* கால்நடை மருத்துவம்